விசாரணை முடியட்டும்

கட்டின புருஷன் தேறிவிடக் கூடாது என்று ஒரு பெண்டாட்டி வேண்டிக்கொள்வாளா? யாராவது சொன்னால் காறித் துப்புவோம். தையல்காரி வேண்டிக்கொண்டாள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஒன்றரை வருஷம். அவளைத் திட்டுவதற்கு முன்னால் நடந்ததைக் கொஞ்சம் கேட்டுவிடுங்கள். கேட்ட பிறகு திட்டினாலும் அவள் மறுத்துப் பேசப்போவதில்லை. நீங்கள் திட்டுவதைவிட மோசமாக அவளே தன்னைத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறாள்.

அவள் புருஷன் பஸ் டிரைவர். டிப்போவில் அவருக்கு ஹாரன் என்று பேர். வாயைத் திறந்தால் நாலு தெருவுக்குக் கேட்கும் குரல். ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்த மனுஷன் வலது பக்கமாக அப்படியே சரிந்து விழுந்தார். பக்கவாதம். உயிர் தப்பியது. பேச்சு கொஞ்சம் குளறலோடு திரும்பி வந்தது. வலது கையும் வலது காலும்தான் வரவில்லை. டிரைவர் வேலை போயிற்று. உடல் இயலாதவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கிற உதவித்தொகை வர ஆரம்பித்தது.

வாடகை அதில்தான், மருந்து அதில்தான். மீதிக்குத் தையல்காரி வீட்டிலேயே மெஷினைப் போட்டு, பேன்ட்டுக்கு நீளம் குறைப்பது, சட்டைக்குப் பக்கம் பிரிப்பது, ஜிப் மாற்றுவது என்று சில்லறை வேலை பார்த்தாள். உதவித்தொகை வருகிறவரை அவள் அவர் பக்கத்திலேயே இருக்கலாம். அது நின்றால் துணிக் கம்பெனிக்கு ஷிப்ட் வேலைக்குப் போக வேண்டும். பாத்ரூமுக்குக்கூடத் தனியாகப் போக முடியாத மனுஷன் பகல் முழுக்க ஒண்டியாகக் கிடக்க வேண்டும். 

சில மாதம் கழித்து மறுபரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள். இங்கேதான் அவள் முதல் தப்பைப் பண்ணினாள். நம்மில் பாதிப் பேர் பண்ணியிருப்போம். பெரிய டாக்டர் முன்னால் போகிறோம், அழுக்குச் சட்டையோடு, தாடியோடு போய் உட்காருவதா? வீட்டு மானம் என்ன ஆவது? காலையிலேயே அவரைக் குளிப்பாட்டி, வழவழவென்று சவரம் பண்ணிவிட்டாள். ஒற்றைக் கையால் பட்டன் போட அவருக்கு வராது. அதனால் சட்டைக்கு மேலே பட்டனை அழகுக்குத் தைத்துவிட்டு, உள்ளே டிச் பட்டன் வைத்தாள். இடது கையால் ஒரு அமுக்கு அமுக்கினால் போதும். கைத்தொழில் தெரிந்தவள் இல்லையா, பார்த்தவர்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை.

"எப்படி இருக்கீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"நல்லா இருக்கேன் டாக்டர்!" என்றார் ஹாரன். குளறினாலும் சத்தம் குறையவில்லை.

"சட்டை யார் போட்டு விட்டாங்க?"

"நானேதான். வேற யாரு?"

அவ்வளவுதான் போங்கள். டாக்டர் சிரித்தார், இவர்களும் சிரித்தார்கள். நல்ல மனுஷன், மரியாதையாகப் பேசினார் என்று தையல்காரி வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். அடுத்த மாதமே உதவித்தொகையை நிறுத்திவிட்டார்கள். தன் வேலைகளைத் தானே செய்துகொள்ளக்கூடியவராம். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதை என்பது இதுதான்.

அவள் அழுதாள், அழுது முடித்ததும் மேல்முறையீடு போட்டாள். விசாரணை முடிகிறவரைக்கும் பாதித் தொகை வரும் என்றார்கள். தோற்றுப்போனால் வாங்கினதையெல்லாம் திருப்பிக் கட்ட வேண்டும் என்றும் சொன்னார்கள். "விசாரணை எப்போ சார் வரும்?" என்று கேட்டாள். கவுன்ட்டர்காரர் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, "அடுத்த மாசம் வாங்க" என்றார். அந்த ஆபீசில் அடுத்த மாதம் என்று தனியாக ஒரு மாதம் இருக்கிறது. அது எந்தக் காலண்டரிலும் வராது.

போகிறவர்களெல்லாம் உட்காருகிற நீளப் பெஞ்சில் ஒருத்தர் இருப்பார். மழையோ வெயிலோ, மடியில் குடை. குடைக்காரர் தன் முதுகுவலிக்காக மூன்று தடவை மேல்முறையீடு போட்டவர். மூன்றிலும் தோற்றவர். ஆலோசனைக்கு மட்டும் பஞ்சமே இல்லை. தோற்றவரிடம் போய் யாராவது ஜெயிக்க வழி கேட்பார்களா? கேட்டாள். அந்த ஆபீசில் அவளிடம் முகம் கொடுத்துப் பேசின ஒரே ஆள் அவர்தான், வேறென்ன செய்வாள்?

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கம்மா," என்றார் குடைக்காரர். "விசாரணை அன்னிக்கு ஆள் எப்படி இருக்காரோ அதைத்தான் பார்ப்பாங்க. கொஞ்சம் தேறியிருந்தாலும் போச்சு. என்னைப் பாரு, முதல் தடவை எக்ஸர்சைஸ் பண்ணி முதுகு நிமிர்ந்து போயிட்டேன். தள்ளுபடி."

அவள் வீட்டுக்கு வந்தாள். வந்தால், வீட்டில் பயிற்சிக்காரப் பெண் குதிக்கிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து வாரம் ஒரு தடவை வந்து அவருக்குக் கை கால் பழக்கிவிடுகிற சின்னப் பெண்.

"அக்கா, இங்க வாங்க, இங்க வாங்க! சார், இன்னொரு தடவை பண்ணுங்க."

ஹாரன் மேஜை மேல் கிடந்த வலது கையை முறைத்துப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது. அந்தக் கை, ஆறு மாதமாக மரக்கட்டை மாதிரி கிடந்த கை, மெதுவாக விரலைப் பிரித்தது. கட்டை விரல், ஆள்காட்டி விரல், அப்புறம் நடு விரல். அவர் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"பார்த்தியாடி? பார்த்தியா?"

தையல்காரி பார்த்தாள். பெற்ற பிள்ளை முதல் அடி வைத்ததைப் பார்த்த மாதிரி நெஞ்சு பொங்கியது. பொய் இல்லை, பொங்கத்தான் செய்தது. ஆனால் பொங்கினது அடங்குவதற்குள்ளேயே வேறொரு நினைப்பு வந்தது. விசாரணை அன்றைக்கு இந்த விரல் இப்படிப் பிரிந்தால்? அந்த நினைப்பு வந்ததே என்று அவளுக்கு உடனே வெட்கமாகவும் இருந்தது. வெட்கப்பட்டாளே ஒழிய, நினைப்பை விடவில்லை.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். அவள் ஒரு தடவை சூடு பட்டவள். இவரோ நடிக்கத் தெரியாத மனுஷன். தேறின கையை வைத்துக்கொண்டு, முடியவில்லை என்று டாக்டரிடம் சொல்லச் சொன்னால், "நல்லா பிரியுது டாக்டர், பாருங்க!" என்று ஹாரன் அடித்துக் காட்டிவிட்டு வருவார். கையே வராமல் இருந்தால்தான் காரியம் நடக்கும். ராத்திரி சாப்பாடு ஊட்டும்போது விஷயத்தை எடுத்தாள்.

"என்னங்க, இந்தப் பயிற்சியைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வெப்போமா?"

"ஏன்? இப்பதானே வர ஆரம்பிச்சிருக்கு?"

"அதனாலதான் சொல்றேன். விசாரணை முடியட்டும். அடுத்த மாசம்தானே? ஜெயிச்சுட்டு அப்புறம் நிம்மதியா பண்ணலாம். கை எங்க ஓடிப்போகப் போகுது?"

அவர் வாயில் இருந்த சோற்றை மென்று முழுங்கினார். "உனக்கு எது சரின்னு படுதோ செய்," என்றார். குரலில் ஹாரன் இல்லை. அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

பயிற்சிக்காரப் பெண்ணிடம், ஊருக்குப் போகிறோம், வரக் கொஞ்ச நாள் ஆகும் என்று சொன்னாள். அந்தப் பெண் முகம் சுருங்கிப்போனது.

"அக்கா, முதல் ஒரு வருஷம்தான் ரொம்ப முக்கியம். இப்ப விட்டா கை மறந்துடும். இறுகிப் போச்சுன்னா அப்புறம் நான் என்ன பண்ணினாலும் வராது. போற இடத்துல தினமும் நீங்களாவது பண்ணி விடுங்க."

"கண்டிப்பா பண்றேம்மா," என்றாள் தையல்காரி. புளுகு என்றால் அப்படிப்பட்ட புளுகு. பக்கத்துத் தெருவுக்குக்கூட அவர்கள் போகவில்லை.

அடுத்த மாதம் போனாள். விசாரணைக் குழுவில் டாக்டர் ஒருவர் இருக்க வேண்டுமாம், பழைய டாக்டர் ஓய்வு பெற்றுவிட்டாராம், புது டாக்டரை இன்னும் போடவில்லையாம். அதற்கடுத்த மாதம் போனால் ஆபீசையே வேறு கட்டடத்துக்கு மாற்றுகிறார்களாம், ஃபைல் கட்டுகள் எல்லாம் லாரியில் இருக்கிறதாம். அப்புறம் கம்ப்யூட்டர் மாறியது. தலைவரம்மா நீண்ட விடுப்பில் போனார். ஒரு தடவை தேதியே கொடுத்துவிட்டார்கள். அவரை டாக்ஸி வைத்துக் கூட்டிக்கொண்டு போய் இறக்கினால், குழு கூடவில்லை, தகவல் அனுப்பினோமே, வரவில்லையா என்று கேட்டார்கள். கிணற்றில் போட்ட கல்லாவது அடியில் கிடக்கும், தேடினால் கிடைக்கும். இது அதுகூட இல்லை.

ஒவ்வொரு தடவையும் அவள் திரும்பி வருவாள். ஒவ்வொரு தடவையும் அவர் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். "என்ன சொன்னாங்க?" என்று கேட்பார்.

"அடுத்த மாசம்."

"அப்ப இன்னும் கொஞ்ச நாள்," என்பார். கையைப் பார்த்துக்கொள்வார். அவள் மெஷினில் போய் உட்கார்ந்து தடதடவென்று மிதிப்பாள். அந்தச் சத்தத்தில் எதுவும் பேச வேண்டியிருக்காது.

ஒரு நாள் தைத்த துணியைக் கொடுத்துவிட்டுச் சீக்கிரமாகத் திரும்பி வந்தாள். ஜன்னல் கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டு ஹாரன் நின்றுகொண்டிருந்தார். யாரும் தூக்கி நிறுத்தாமல் தானே நின்றுகொண்டிருந்தார். வலது காலைத் தரையிலிருந்து ஒரு விரற்கடை தூக்குவதும் வைப்பதுமாக இருந்தார். முகமெல்லாம் வேர்வை. எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போடுகிற அம்மா கைதட்டி, "அப்படித்தான், அப்படித்தான்!" என்று உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தாள்.

தையல்காரிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஓடிப்போய்த் திரையை இழுத்து மூடினாள்.

"என்ன காரியம் பண்றீங்க? ஊர் முழுக்கப் பார்க்கணுமா? நாளைக்கு எவளாவது போய் ஆபீசுல சொன்னா என்ன ஆகும்? நான் நாயா பேயா அலையறது உங்களுக்குக் கண்ணுக்குத் தெரியலையா?"

அவர் கம்பியை விடவில்லை. கால் நடுங்கியது.

"உனக்கு நான் நடக்கணுமா, வேணாமா? அதைச் சொல்லு."

"விசாரணை முடியறவரைக்கும் வேணாம்!"

வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த வார்த்தையை முழுங்க முடியுமா? அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. யாரோ வழி தெரியாமல் வீட்டுக்குள் வந்துவிட்ட ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "சரி, பிடி," என்றார். அவள் பிடித்து உட்கார வைத்தாள். அதற்கப்புறம் அவர் ஜன்னல் பக்கம் போகவே இல்லை.

அன்றைக்கே பயிற்சிக்காரப் பெண்ணைத் திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். ஒரு போன் போதும். கூப்பிட நினைத்தாள் என்பதும் உண்மை. போனைக் கையில் எடுத்தவள், இத்தனை மாதம் பொறுத்தோம், இப்போது போய்க் காரியத்தைக் கெடுத்துக்கொள்வானேன் என்று வைத்துவிட்டாள். சீட்டாடித் தோற்கிறவன் புத்தியும் இதுதான். விட்டதைப் பிடிக்கலாம் என்று உட்கார்ந்தே இருப்பான்.

நாத்தனார் ஒரு தடவை பார்க்க வந்தாள். அண்ணன் கையைத் தடவிப் பார்த்தாள். விரலெல்லாம் உள்ளே மடங்கி, உள்ளங்கையை நகம் குத்துகிற அளவுக்கு இறுகிவிட்டிருந்தது. "என்ன அண்ணி, போன தடவை போன்ல விரல் பிரியுதுன்னு சொன்னீங்களே?" என்றாள்.

"அது அப்படித்தான். வந்துச்சு, போயிடுச்சு," என்றாள் தையல்காரி.

"பாவம் அண்ணி நீங்க. உங்களை மாதிரி யாரு பார்த்துப்பாங்க? எங்கண்ணன் கொடுத்து வெச்சவன்."

ஹாரன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தையல்காரி காபி போடுகிற சாக்கில் சமையலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். நாத்தனார் ரெண்டு அறை அறைந்திருந்தால் மனசு கொஞ்சம் ஆறியிருக்கும். இப்படிப் புகழ்ந்துவிட்டுப் போனதை என்ன செய்வது?

கடைசியில் ஒரு வழியாக விசாரணை வந்தது. நிஜமாகவே வந்தது. ஜன்னல் இல்லாத சின்ன அறை. நீள மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் தலைவரம்மா, ஒரு பக்கம் டாக்டர், இன்னொரு பக்கம் கொட்டாவி விட்டுக்கொண்டு ஒரு ஆபீசர். தையல்காரி இந்தத் தடவை சவரம் பண்ணிவிடவில்லை, சட்டைக்கு இஸ்திரியும் போடவில்லை. சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினாள். 

டாக்டர் எழுந்து வந்து அவர் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். விரலைப் பிரிக்கப் பார்த்தார். பிரியவில்லை. ஹாரன் வலியில் முனகினார். காலைத் தூக்கிப் பாதத்தை மடக்கிப் பார்த்தார். அதுவும் இறுகிக் கிடந்தது. டாக்டர் தலைவரம்மாவைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார்.

"சரிங்க," என்றார் தலைவரம்மா. கனிவான குரல்தான். "ஒரு விஷயம் முதல்லயே சொல்லிடறேன். நீங்க இவ்வளவு நாள் காத்துக்கிட்டு இருந்தது தப்பு, எங்க தப்பு. அதுக்கு வருத்தப்படறோம். இன்னொண்ணு. உதவித்தொகையை நிறுத்தின அன்னிக்கு இவர் எப்படி இருந்தாரு, அதை மட்டும்தான் நாங்க முடிவு பண்ணணும். அதுக்கப்புறம் தேறியிருந்தாலும் சரி, மோசமாகியிருந்தாலும் சரி, அது இந்தக் கேசுக்குச் சம்பந்தமே இல்லை. அன்னிக்கு ஆஸ்பத்திரியில எழுதினதெல்லாம் படிச்சுட்டோம். நிறுத்தினது தப்புதான். உங்களுக்குத்தான் தீர்ப்பு."

தையல்காரிக்குக் காதில் விழுந்தது. விழுந்தது உள்ளே போகக் கொஞ்ச நேரம் ஆனது. சம்பந்தமே இல்லை. இவர் எழுந்து ஓடியே வந்திருந்தாலும் சம்பந்தமே இல்லை. ஒன்றரை வருஷம் அவள் பூட்டி வைத்த கைக்கும் இந்த அறைக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. குடைக்காரரை நினைத்துக்கொண்டாள். அவரைத் திட்டக்கூட அவளுக்குத் தெம்பில்லை. அவர் சொன்னார், செய்தது யார்?

டாக்டர் இன்னும் அந்தக் கையை விடவில்லை.

"ஆரம்பத்துல விரல் பிரிய ஆரம்பிச்சுதுன்னு ஆஸ்பத்திரியில எழுதியிருக்காங்களே. நல்ல அறிகுறி அது. அப்புறம் ஏன் பயிற்சியை விட்டீங்க?"

தையல்காரி வாயைத் திறந்தாள்.  நான்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தீர்ப்பும் சொல்லியாகிவிட்டது, இனி யாரும் எதையும் பிடுங்கப்போவதில்லை.  ஹாரன் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"நான்தான் டாக்டர்," என்றார் ஹாரன். "சோம்பேறித்தனம். அவ பண்ணுங்க பண்ணுங்கன்னுதான் சொன்னா. நான்தான் கேக்கலை."

டாக்டருக்கு வந்ததே கோபம். "என்ன சார் நீங்க? உங்களுக்காக இந்தம்மா எவ்வளவு நாள் நடையா நடந்திருக்காங்க! நீங்க கொஞ்சம் ஒத்துழைச்சிருந்தா இன்னிக்கு உங்க கையாலயே சாப்பிட்டுக்கிட்டு இருப்பீங்க. இனிமே இந்தக் கையில பெருசா ஒண்ணும் எதிர்பார்க்க முடியாது. இவங்களையாவது நினைச்சுப் பார்த்திருக்க வேணாமா?"

"தப்புதான் டாக்டர்," என்றார் அவர்.

தலைவரம்மா தையல்காரியைப் பார்த்து, "நீங்க தைரியமான பொம்பளை" என்றார். தையல்காரி கும்பிட்டாள். கை தானாகக் குவிந்தது, அவள் குவிக்கவில்லை.

வெளியே வெயில். பஸ் நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை. நாற்காலியை நிழலில் நிறுத்திவிட்டு, அவள் அவர் காலடியில் நடைபாதை ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். ஜெயித்துவிட்டார்கள். ஒன்றரை வருஷமாக இந்த நிமிஷத்தை எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருப்பாள்! நினைப்பில் எல்லாம் இந்த இடத்தில் அவள் சிரித்துக்கொண்டிருப்பாள்.

"எதுக்குங்க அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டாள். "ஏன் என்னைக் காட்டிக் குடுக்கலை?"

அவர் இடது கையால் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நீயே சொல்லுவேன்னு கொஞ்ச நேரம் பார்த்தேன்," என்றார். "நீ சொல்லலை. அந்த டாக்டர் பதிலுக்குக் காத்துக்கிட்டு இருந்தாரு. யாராவது ஏதாவது சொல்லணும் இல்ல?"

அவர் குரலில் குத்தல் இல்லை. குத்தல் இருந்திருந்தால் அவள் அழுதிருப்பாள், சண்டை போட்டிருப்பாள், காலைப் பிடித்திருப்பாள். ஒன்றுக்கும் இடம் வைக்காமல் அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ் வந்தது. அவள் எழுந்து வழக்கம்போல அவர் அக்குளுக்குக் கீழே கை கொடுத்தாள்.

"விடு. நான் பார்க்கறேன்," என்றார்.

அவள் விட்டாள். ஹாரன் இடது கையால் பஸ்ஸின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்து, நாற்காலியிலிருந்து எழுந்து படியேறப் பார்த்தார். முகம் சிவந்தது. முதல் படிக்கட்டு ரொம்ப உயரம் ஒன்றும் இல்லை. வலது கால் அசையவே இல்லை. இன்னொரு தடவை பார்த்தார். டிரைவர் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். உள்ளே இருந்த பயணிகள் எட்டிப் பார்த்தார்கள்.

"சரி," என்றார். "தூக்கு."

அவள் தூக்கினாள்.